சைவ நாயின் சரித்திரம்

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. மாமிசம் நுழையாத வீடு. ஆகவே நாயும் சைவம். காலையில் பழையது, இரவில் தயிர் சாதம். "என்ன சாதுவான ஜீவன் பாருங்கள்!" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன். மூன்றாம் வருஷம் அதற்கு ரோமம் கொட்ட ஆரம்பித்தது. மிருக டாக்டர் வந்து பார்த்தார். "சோறு போடுகிறீர்கள், சரி. சாப்பாடு எப்போது போடப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைப் புத்தகங்களில் தேட வைத்தது.

நாய் ஓநாயின் வம்சந்தான். ஆனால் மனிதனுடைய மிச்சத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தின்று, மாவுப் பண்டத்தை ஜீரணிக்கும் சக்தியை ஓநாயைவிட அதிகமாகப் பெற்றுவிட்டது. 2013-இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதை மரபணுவிலேயே கண்டு சொன்னார்கள். சோறு செரிக்கும், சந்தேகமில்லை. செரித்தால் போதுமா?

1816-இல் பாரிஸில் மஜாந்தி என்ற வைத்தியர் ஒரு நாய்க்குச் சர்க்கரையும் தண்ணீரும் மட்டுமே கொடுத்துப் பார்த்தார். அது இளைத்து, கண்ணில் புண் கண்டு, ஒரு மாதத்துக்குச் சற்று மேல் உயிர் வைத்திருந்து செத்தது. பாவம்!

நம் கதைக்கு இன்னும் நெருங்கியது, 1917-இல் அமெரிக்காவில் ஏல் சர்வகலாசாலையில் நடந்தது. சிட்டெண்டன், அண்டர்ஹில் என்ற இருவர் நாய்களுக்கு வேகவைத்த பட்டாணியும் பிஸ்கட் மாவும் பருத்திவிதை எண்ணெயும் கொடுத்தார்கள். அசல் சைவச் சாப்பாடு. சிட்டெண்டன் மாமிசப் பிரியரும் அல்ல. மனிதர்கள் தேவைக்கு மேல் புரதம் தின்கிறார்கள் என்று 1904-லேயே புத்தகம் எழுதியவர். ஆனாலும் நாய்களுக்கு வாய் வெந்து, வயிறு கழன்றது. மாமிசம் கொடுத்ததும் தேறின. அங்கேயே விட்டிருந்தால், நாய்க்கு மாமிசமே கதி என்று தீர்ப்பாகியிருக்கும்.

விடாதவர் கோல்ட்பெர்கர். அமெரிக்கத் தென் மாகாணங்களில் மக்காச்சோளத்தையும் வெல்லப்பாகையும் பன்றிக் கொழுப்பையும் நம்பி வாழ்ந்த ஏழைகளை பெல்லாக்ரா என்ற நோய் வாட்டியது. அதே மாதிரி வியாதி நாய்க்கு வந்தால் 'கருநாக்கு' என்பார்கள். 1920-களில் அவர் அந்த நாய்களுக்கு ஈஸ்ட் கொடுத்தார், குணம் தெரிந்தது. மாமிசம் செய்த காரியத்தை, மாவைப் புளிக்க வைக்கும் அற்பப் பொருள் செய்துவிட்டது! அதில் என்ன இருக்கிறதென்று தெரியுமுன்பே 1929-இல் அவர் காலமானார். 1937-இல் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் எல்வஹெம் அதைக் கண்டுபிடித்தார்: நிகோடினிக் அமிலம். நாயைப் பிழைக்க வைத்த அந்த மருந்தே பெல்லாக்ரா கண்ட மனிதர்களையும் பிழைக்க வைத்தது.

ஆக, நாய்க்கு வேண்டியது மாமிசமல்ல. மாமிசத்திலுள்ள சில சத்துக்கள். கணக்காகச் சேர்த்தால் சைவ உணவிலும் அது வாழும். ஆனால் கணக்கு லேசானதல்ல. பி-12 தாவரத்தில் இல்லை. டி வைட்டமினை வெயிலில் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ள நாயின் தோலுக்குத் தெரியாது. புரதம் குறைந்தால் ரோமம் மட்டுமல்ல, இருதயமும் கெடலாம். பூனையிடம் இந்த விளையாட்டே வேண்டாம்.

டாக்டர் எழுதிக்கொடுத்தபடி பருப்பையும் சோயாவையும் கூட்டி, தயிர் சாதத்தின் நடுவில் மாத்திரையைப் புதைத்து வைத்தேன். எங்கள் நாய் தட்டைச் சுத்தமாக நக்கிவிட்டு, மாத்திரையை மட்டும் ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிற்று.