மாஸ்டா எம்எக்ஸ்-5 தொங்கல் அமைப்பு மேம்பாடு

மாஸ்டா எம்எக்ஸ்-5 தொங்கல் அமைப்பு மேம்பாடு என்பது, எம்எக்ஸ்-5 வகை இருக்கை இரண்டுள்ள விளையாட்டுத் தானுந்தின் சுருள்வில், அதிர்வுத் தணிப்பான் முதலிய மூலப் பாகங்களை நீக்கி, பிற நிறுவனங்கள் தயாரிக்கும் மாற்றுப் பாகங்களைப் பொருத்தும் பணியாகும். இப்பணியைப் பல உரிமையாளர்கள் தம் வீட்டுக் கொட்டகையிலேயே செய்கின்றனர். தானுந்தின் உயரத்தைக் குறைப்பதும் சுருள்வில்லைக் கடினமாக்குவதுமே மேம்பாடு எனப் பரவலாகக் கருதப்படுகிறது. ஆனால் சக்கரம் மேலேறி இறங்குவதற்கு எஞ்சியிருக்கும் இடமும், சுருள்வில்லுக்கும் தணிப்பானுக்கும் உள்ள பொருத்தமுமே பலனைத் தீர்மானிக்கின்றன. இவை பிழைத்தால், மாற்றப்பட்ட தானுந்து தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையைவிட மோசமாகவும் ஆபத்தாகவும் ஓடக்கூடும்.

இக்கட்டுரை பெரும்பாலும் 1989 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 பற்றியது.

பின்னணி

எம்எக்ஸ்-5 முதன்முதலில் 1989 பெப்ரவரியில் சிகாகோ தானுந்துக் கண்காட்சியில் அறிமுகமானது. ஜப்பானில் இது யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும், வட அமெரிக்காவில் மியாட்டா என்றும் விற்கப்பட்டது. பொறி முன்புறத்தில் அமைய, பின்சக்கரங்கள் உந்துகின்றன. முதல் தலைமுறைத் தானுந்தின் தொடக்ககால வடிவங்களின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. இவ்வகைத் தானுந்துகளின் மொத்த உற்பத்தி 2016 ஏப்ரலில் பத்து இலட்சத்தை எட்டியது.

எடை குறைவு, எளிய கட்டமைப்பு, பாகங்கள் எளிதில் கிடைத்தல் ஆகிய காரணங்களால், வீட்டிலேயே தொங்கல் அமைப்பை மாற்றக் கற்போர் இத்தானுந்தைப் பெரிதும் விரும்புகின்றனர். கோனி (நெதர்லாந்து), பில்ஸ்டைன், ஐபாக் (ஜெர்மனி), ஓலின்ஸ் (சுவீடன்), கேஒய்பி, டெயின் (ஜப்பான்) போன்ற நிறுவனங்கள் இதற்கான மாற்றுப் பாகங்களைத் தயாரித்துள்ளன.

மூல அமைப்பு

முதல் தலைமுறையில் நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் தொங்கல் அமைப்பு உள்ளது. ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழுமாக இரு கைகளால் உடற்சட்டத்துடன் இணைக்கப்பட்டிருக்கும். சக்கரம் மேலெழும்போது அதன் சாய்வு எவ்வாறு மாற வேண்டும் என்பதை இக்கைகளின் நீளமும் கோணமும் தீர்மானிக்கின்றன. அமைப்பின் முக்கியப் பாகங்கள் பின்வருமாறு:

* சுருள்வில் - தானுந்தின் எடையைத் தாங்குகிறது. மேட்டில் ஏறும்போது ஆற்றலைச் சேமிக்கிறது.
* தணிப்பான் - ஷாக் அப்சார்பர் என வழங்கப்படுவது. சுருள்வில்லின் அலைவை எண்ணெயின் உராய்வால் வெப்பமாக்கி அடக்குகிறது.
* பம்ப் ஸ்டாப் - தணிப்பான் முழுதும் அமுங்கும் முன் அதைத் தடுக்கும் மெத்தை.
* ஆன்டி-ரோல் பார் - இடது, வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் முறுக்குத் தண்டு.
* புஷ் - கைகள் உடற்சட்டத்துடன் சேரும் இடத்திலுள்ள இரப்பர் உருளை.

கைகளின் உள்முனைகளிலுள்ள மையம் விலகிய போல்ட்டுகளைத் திருப்பி, முன்புறத்தில் கேம்பர், காஸ்டர் ஆகிய கோணங்களையும், பின்புறத்தில் கேம்பர், டோ ஆகிய கோணங்களையும் மாற்றலாம். முன்புற டோ ஸ்டியரிங் கம்பிகளின் முனைகளில் சரிசெய்யப்படுகிறது.

இயற்பியல் அடிப்படை

சுருள்வில்லும் அதிர்வெண்ணும்

சுருள்வில்லின் மேல் நிற்கும் எடை ஓர் இயல்பு அதிர்வெண்ணில் ஆடும். இவ்வதிர்வெண் விறைப்பை நிறையால் வகுத்து வரும் ஈவின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு சக்கரத்தின் மேல் 220 கிலோகிராம் நிறையும், சக்கரத்தில் அளக்கப்படும் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனும் இருந்தால், அதிர்வெண் வினாடிக்கு ஏறக்குறைய 1.5 சுற்றுகள் ஆகும். விறைப்பை இரு மடங்காக்கினால் அது 2.1 ஆக உயரும். சாதாரணத் தானுந்துகளில் இது பெரும்பாலும் 1 முதல் 1.5 வரையிலும், சாலையில் ஓடும் விளையாட்டுத் தானுந்துகளில் 1.5 முதல் 2 வரையிலும் அமையும்.

சுருள்வில் சக்கரத்தின் நேர்மேலே இல்லாமல் கையின் இடையில் அமர்ந்திருப்பதால், சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு சுருள்வில்லின் விறைப்பைவிடக் குறைவு. சுருள்வில் நகரும் தூரத்தைச் சக்கரம் நகரும் தூரத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்தின் வர்க்கத்தால் இது குறைகிறது. ஆகவே, ஒரு தானுந்துக்குச் சரியாக அமைந்த சுருள்வில் எண்ணை வேறொரு தானுந்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது.

முன்சக்கரம் மேட்டைக் கடந்து சற்று நேரம் கழித்தே பின்சக்கரம் அதில் ஏறுகிறது. பின்புற அதிர்வெண் முன்புறத்தைவிடச் சற்று மிகுந்திருந்தால், பின்புற அசைவு முன்புற அசைவை எட்டிப்பிடித்து, தானுந்து முன்னும் பின்னும் ஊசலாடுவது குறையும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் மாரிஸ் ஆலி 1930களில் இக்கருத்தை வளர்த்தெடுத்தார்.

சுருள்வில்லும் தணிப்பானும்

ஒரு தணிப்பானின் போதுமை, சுருள்வில்லின் விறைப்பைப் பொறுத்தது. தணிப்பானை மாற்றாமல் சுருள்வில்லின் விறைப்பை மட்டும் இரு மடங்காக்கினால், தணிப்பு விகிதம் முன்பிருந்ததில் ஏறக்குறைய 0.71 பங்காகக் குறையும். அதாவது, 0.35 ஆக இருந்தது 0.25 ஆகிவிடும். இதனால் தானுந்து ஒவ்வொரு மேட்டிற்குப் பின்னும் கூடுதலான முறை துள்ளும். அத்துள்ளலின்போது டயர் சாலையை அழுத்தும் விசை ஏறி இறங்கும். பழைய தணிப்பானுடன் புதிய கடினமான சுருள்வில்லை மட்டும் பொருத்துவது மிகுதியாகக் காணப்படும் பிழைகளுள் ஒன்றாகும்.

சக்கரப் பயணம்

நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப்பில் முட்டும் வரை சக்கரம் மேலெழக்கூடிய தூரம் மேற்பயணம் எனப்படும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 இல் இது தாராளமாக இல்லை. தானுந்தைத் தாழ்த்தும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் இத்தூரத்திலிருந்தே கழிக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 70 மில்லிமீட்டர் மேற்பயணம் உள்ள தானுந்தை 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் 40 மில்லிமீட்டரே எஞ்சும். சுருள்வில் ஏற்கும் ஆற்றல் பயணத் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததால், அதே மேட்டை ஸ்டாப்பில் முட்டாமல் கடக்க ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பான சுருள்வில் தேவைப்படும்.

வேகமான வளைவின் நடுவே ஒரு மேட்டில் பின்சக்கரம் ஸ்டாப்பில் முட்டினால், அம்முனையின் விறைப்பு ஒரு கணத்தில் பன்மடங்காகிறது. வெளிப்புறப் பின்டயரின் பிடி திடீரெனக் குறைந்து, வால் விலகித் தானுந்து சுழலக்கூடும். ஓட்டுநருக்கு இதற்கான முன்னறிகுறி எதுவும் கிடைப்பதில்லை. தாழ்த்தப்பட்ட தானுந்து சீரான சாலையில் நன்றாகவும், மேடுபள்ளமான வளைவில் ஆபத்தாகவும் நடந்துகொள்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

மேற்பயணத்தை மீட்க, குட்டையான பம்ப் ஸ்டாப்புகளும் மாற்று மேல்தாங்கிகளும் பயன்படுகின்றன. 1998 இல் வந்த இரண்டாம் தலைமுறையின் மேல்தாங்கிகள் கூடுதல் பயணம் தருவதால், அவற்றை முதல் தலைமுறைத் தானுந்தில் பொருத்துவது வழக்கமாக உள்ளது.

உருளல் மையம்

தாழ்த்துவதால் நிறைமையம் கீழிறங்குவது உண்மையே. ஆனால் கைகளின் கோணமும் மாறுவதால், உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த உருளல் மையம் அதைவிட வேகமாகக் கீழிறங்குவதுண்டு. அப்போது இவ்விரண்டிற்கும் இடையிலான தூரம் கூடி, அதே விறைப்பில் உடல் முன்னைவிட மிகுதியாகச் சாய முற்படும்.

மேம்பாட்டின் வரிசை

அனுபவமுள்ளோர் பின்வரும் வரிசையைப் பின்பற்றுகின்றனர்.

1. ஆய்வு. தேய்ந்த பந்து மூட்டு, வெடித்த புஷ், எண்ணெய் கசியும் தணிப்பான் ஆகியவை முதலில் மாற்றப்படுகின்றன. பழைய தானுந்துகளில் இதுவே பெரிய முன்னேற்றத்தைத் தருவதுண்டு.
2. டயர். சாலையைத் தொடும் ஒரே பாகம் இதுவாதலால், நல்ல டயர் இல்லாமல் மற்ற மாற்றங்களின் பலன் வெளிப்படாது.
3. தணிப்பானும் சுருள்வில்லும். இவை ஒன்றுக்கொன்று பொருத்தமான இணையாக மாற்றப்படுகின்றன. இரண்டும் ஒன்றிணைந்து, உயரத்தை மாற்றும் வசதியுடன் வரும் தொகுதி காயில்ஓவர் எனப்படுகிறது.
4. ஆன்டி-ரோல் பார். திண்மமான தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 19 மில்லிமீட்டர் தண்டிற்குப் பதில் 22 மில்லிமீட்டர் தண்டை இட்டால், மற்ற அளவுகள் மாறாதபோது, விறைப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகும். முன்புறத்தை மட்டும் கடினமாக்கினால் தானுந்து வளைவில் வெளிநோக்கி விலகும். பின்புறத்தை மட்டும் கடினமாக்கினால் வால் எளிதில் விலகும்.
5. புஷ். பாலியூரித்தேன் புஷ்கள் கைகளின் தேவையற்ற அசைவைக் குறைக்கின்றன. ஆனால் அதிர்வையும் ஒலியையும் கூட்டுகின்றன. உரிய கிரீஸ் இடாவிட்டால் கிறீச்சிடும்.

காயில்ஓவரில் சுருள்வில்லின் இருக்கையைத் திருகி மேலேற்றினால் சுருள்வில் கடினமாகும் என்பது தவறான நம்பிக்கை. ஒரே சீரான விறைப்புள்ள சுருள்வில்லில் இதனால் மாறுவது உயரம் மட்டுமே.

வீட்டில் பொருத்தும் முறை

பொதுவான செயல்முறை பின்வருமாறு அமையும். இறுக்க வேண்டிய முறுக்குவிசை அளவுகள் அந்தந்த ஆண்டு வடிவத்தின் பணிமனைக் கையேட்டில் தரப்பட்டுள்ளன.

சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரம் நான்கு மூலைகளிலும் முதலில் குறித்துக்கொள்ளப்படுகிறது. தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தமும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும். முதல்நாளே போல்ட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் தெளிக்கப்படுகிறது.

தானுந்து சமதளக் கான்கிரீட் தரையில் ஜாக்கியால் உயர்த்தப்பட்டு, நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தப்படுகிறது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் செல்வது உயிருக்கு ஆபத்தானது. சக்கரங்களைக் கழற்றியபின், ஆன்டி-ரோல் பாரின் இணைப்புகளும், தணிப்பானின் கீழ் போல்ட்டும், மேல்தாங்கியின் இரு நட்டுகளும் நீக்கப்படுகின்றன. முன்புற மேல்நட்டுகள் பொறி அறையிலும், பின்புற மேல்நட்டுகள் டிக்கியின் உள்ளேயும் அமைந்துள்ளன. தணிப்பான் வெளிவர இடமில்லாவிடில், முன்புறத்தில் மேற்கையின் நீண்ட போல்ட்டோ கீழ்ப்பந்து மூட்டோ கழற்றப்படுகிறது. பின்புறத்தில் கீழ்க்கையின் வெளிமுனையிலுள்ள நீண்ட போல்ட் கழற்றப்படுகிறது. பழைய தானுந்துகளில் இந்தப் பின் போல்ட் துருவேறி இறுகியிருப்பது வழக்கமாதலால், மாற்று போல்ட்டை முன்னரே வாங்கி வைப்பது நல்லது. பிரேக் பகுதி அதன் குழாயில் தொங்காதபடி கயிற்றால் கட்டப்படுகிறது.

பழைய மேல்தாங்கியை மீண்டும் பயன்படுத்துவதாயின், சுருள்வில்லை அமுக்குக் கருவியால் அமுக்கியே நடுநட்டைத் திறக்க வேண்டும். மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் விறைப்புள்ள சுருள்வில் 100 மில்லிமீட்டர் அமுங்கியிருந்தால், அது ஏறக்குறைய 300 கிலோகிராம் எடைக்கு இணையான விசையுடன் தள்ளும். அதிலுள்ள 150 ஜூல் ஆற்றல், 15 கிலோகிராம் பொருள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நடுநட்டை நேரடியாகத் திறந்தால் மேல்தாங்கி எறிகணை போல வெளிப்படும்.

புதிய தொகுதியைப் பொருத்தியபின், இரப்பர் புஷ் வழியே செல்லும் போல்ட்டுகள் உடனே இறுக்கப்படுவதில்லை. சக்கரம் தொங்கும் நிலையில் அவற்றை இறுக்கினால், தானுந்து தரையில் இறங்கியதும் இரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். உயரம் தவறாகக் காட்டப்படும். புஷ் விரைவில் கிழியும். ஆகவே சக்கரங்கள் எடையைத் தாங்கும் நிலையில், இயல்பான உயரத்தில், இறுதி இறுக்கம் செய்யப்படுகிறது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்ட்டுகளும் மீண்டும் சோதிக்கப்படுகின்றன.

கோணச் சீரமைப்பு

உயரம் மாறினால் சக்கரக் கோணங்களும் மாறும். ஆதலால் வீல் அலைன்மென்ட் செய்யாமல் இப்பணி நிறைவடையாது. தாழ்த்திய எம்எக்ஸ்-5 இல் சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும். சாலைப் பயன்பாட்டிற்கு முன்புறத்தில் ஒரு பாகை அளவிலும், பின்புறத்தில் அதைவிடச் சற்று மிகுதியாகவும் எதிர் கேம்பர் வைப்பது வழக்கம். பின்சக்கரங்களுக்குச் சிறிதளவு உள்நோக்கிய டோ நிலைத்தன்மை தரும். அவை வெளிநோக்கி நின்றால் தானுந்து நேர்ச்சாலையிலும் அலையும், டயரும் விரைவில் தேயும். எடை குறைந்த தானுந்து என்பதால், ஓட்டுநரின் எடைக்குச் சமமான பாரத்தை இருக்கையில் வைத்து அளப்பதும் உண்டு.

சட்ட நிலை

ஜெர்மனியில் உரிய சான்றில்லாத தொங்கல் பாகங்களைப் பொருத்தினால் வாகனத்தின் இயக்க அனுமதி செல்லாததாகக்கூடும். பல மாற்றங்கள் டியூவி போன்ற அமைப்புகளால் சோதிக்கப்பட வேண்டியவை. ஜப்பானில் ஷாகென் எனப்படும் கட்டாய ஆய்வில் தானுந்தின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் 9 சென்டிமீட்டர் இடைவெளி எதிர்பார்க்கப்படுகிறது. ஐக்கிய இராச்சியத்தில் இத்தகைய மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிடில் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம்.

நிறைகளும் குறைகளும்

பொருத்தமான பாகங்களுடன் முறையாகச் செய்யப்பட்ட மேம்பாடு, உடல் சாய்வைக் குறைத்து, ஸ்டியரிங் திருப்பத்திற்குத் தானுந்து விரைந்து பதிலளிக்கச் செய்கிறது. உரிமையாளர் தன் வாகனத்தின் இயக்கத்தை நேரடியாக அறிந்துகொள்ளவும் இது வாய்ப்பளிக்கிறது. மறுபுறம், பயண வசதி குறைதல், வேகத்தடைகளில் அடிப்பகுதி உரசுதல், ஒலி கூடுதல் ஆகியவை பொதுவான குறைகளாகும். கரடுமுரடான சாலையில், சற்று உயரமாகவும் மென்மையாகவும் அமைந்த தானுந்து, தாழ்ந்தும் விறைத்தும் நிற்கும் தானுந்தைவிட வேகமாகவும் பாதுகாப்பாகவும் வளைவைக் கடப்பதுண்டு.

இவற்றையும் பார்க்க

* ஊக்கின் விதி
* சீரிசை இயக்கம்
* நிறைமையம்
* முறுக்குவிசை