மகரந்தமற்ற சுகி மரம்

ஜப்பான் தேசத்து ஊசியிலை விருட்சமாகிய சுகியில், ஆண்கூம்புகள் தோன்றியும் மகரந்தம் உதிராத வகை. இதனை விதைவழி விருத்தி செய்யும்பொருட்டு அடைப்பு விதைத்தோட்டங்கள் ஏற்பட்டுள்ளன.

சுகியை ஜப்பானியர் தொன்றுதொட்டுக் கோயில் வளாகங்களிலும் மலைகளிலும் வளர்த்து வந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் வெறுமையான சரிவுகளில் அது பெருவாரியாக நடப்பட்டு, இன்று சுமார் 44 லட்சம் ஹெக்டேரில் பரவியுள்ளது. 1964-இல் நிக்கோ பிரதேசத்திலிருந்து சுகி மகரந்த ஒவ்வாமை நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. நோய் பெருகியதற்கு நடவு ஒன்றே காரணமா, வாகனப் புகையும் துணைநின்றதா என்பதில் அறிஞரிடையே கருத்துவேறுபாடு உண்டு.

1992-இல், தொயாமா நகரத்துக் கோயிலொன்றின் வளாகத்தில் சுகியின் பூப்பினை ஆராய்ந்துவந்த ஹிதெயாகி தைரா, வசந்தகாலத்தில் கிளையை அசைத்தால் மெல்லிய மஞ்சட்புகைபோல் எழவேண்டிய தூள் சிறிதும் எழாத மரமொன்றைக் கண்டார். அதன் ஆண்கூம்புகளில் மகரந்த அணுக்கள் உருவாகத் தொடங்கியும் முதிர்வதற்கு முன்னரே சிதைந்துபோயின. பெண்கூம்புகளோ குறையின்றி விதை ஈன்றன. இது ஒரே ஒடுங்கு மரபணுவால் நேரும் பரம்பரைக் குணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆதலின் மகரந்தமற்ற தாய்மரத்தை, அம்மரபணுவை மறைவாகத் தாங்கிய தந்தைமரத்தோடு கலந்தால், சந்ததியில் ஏறத்தாழப் பாதி மகரந்தமற்றதாகும்.

ஆயின் சுகி காற்றினால் சூல்கொள்வது. திறந்தவெளியில் நெடுந்தொலைவிலிருந்து வரும் அயல் மகரந்தம் இக்கணக்கைக் குலைத்துவிடும். எனவே குட்டையாகக் கத்தரிக்கப்பட்ட மரங்களைக் கூடாரத்துள் வைத்து, கோடையில் பூப்பைத் தூண்டும் ஜிப்பரெலின் என்னும் வளரூக்கியைத் தெளித்து இளமையிலேயே பூக்கச் செய்து, பூப்புக்காலத்தில் வெளிக்காற்றை அடைத்து, தெரிந்தெடுத்த தந்தைமரத்தின் மகரந்தத்தை மட்டுமே உள்ளே உலவவிடுகின்றனர். விளைந்த நாற்றுக்களுக்கும் ஜிப்பரெலின் தெளித்து, அவற்றின் சின்னஞ்சிறு கூம்புகளை நசுக்கிப் பார்த்து, மகரந்தம் காணப்படாதவற்றைப் பிரித்தெடுப்பது பொறுமையும் கூர்ந்த பார்வையும் வேண்டும் பணியாகும்.

இவ்வழியில் தொயாமாவில் உருவான ‘ததெயாமா மோரி நோ ககயாகி’ 2012 முதல் மலைகளில் நடப்படுகிறது. கனகாவா மாகாணத்திலும் இவ்வகைத் தோட்டம் உண்டு. அங்கே ஹினோகி என்னும் மற்றோர் ஊசியிலை மரத்திலும் மகரந்தமற்றது கண்டறியப்பட்டது. மரபணுவை நேரே இனங்காணும் சோதனைகளும் இப்போது வழக்கில் உள்ளன.

2023-இல் ஜப்பானிய அரசு, சுமார் 30 ஆண்டுகளில் மகரந்த அளவைப் பாதியாக்கும் நோக்கத்தை அறிவித்தது. நட்ட சுகி வெட்டுக்கு வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு செல்லுமாதலின், பழைய காடுகள் மாறும் வேகமும் அதற்கேற்பவே அமையும்.