சாலைத் தெருவும் அதன் தமிழ் மக்களும்



பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர் என்றவுடன் மும்பையின் தாராவியும், தில்லியின் கரோல்பாகும், கொல்கத்தாவும், பெங்களூரும் நம் நினைவில் எழுவது இயல்பே. பிழைப்பு நாடியும் உத்தியோகத்தின் பொருட்டும் இரயிலேறிச் சென்றோரின் வரலாறு அது. ஆனால், இருந்த இடத்தை விட்டு ஓரடியும் பெயராமலே வெளிமாநிலத் தமிழராகி விட்டவர்களும் உண்டு. அவர்களை அறிய விரும்புவோர் திருவனந்தபுரத்தில், கிழக்குக் கோட்டை வாயிலிலிருந்து கிள்ளிப்பாலம் வரை செல்லும் ஒரு தெருவில் நடந்து பார்த்தல் வேண்டும். கூட்டம் வழிவிட்டால் அரைமணி நேரத்தில் நடந்து விடலாம். சாலை என்பது அத்தெருவின் பெயர். மலையாளத்தார் 'சால' என்பர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் எப்போதும் சிறிது தயக்கத்தை உண்டாக்கும். அரசாங்கக் கோப்புகளில் அது வண்டிகள் செல்லும் பெருவழியைக் குறிக்கின்றது. முன்னாளிலோ பாடசாலை, அறச்சாலை, வேள்விச்சாலை எனப் பலர் கூடும் நிலையத்தைக் குறித்தது. சாலைத் தெருவின் கிழக்குக் கோடியை அடுத்து வலியசாலை என்னும் பகுதி இருக்கின்றது. அங்குள்ள சிவன் கோயிலுக்குக் காந்தளூர் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. முதலாம் இராசராச சோழன் தன் வெற்றிகளுள் முதன்மையாகக் கல்வெட்டுகளிற் பொறித்துக் கொண்ட காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்று கருதுவோர் பலர். அவன் அங்கே அறுத்த 'கலம்' மரக்கலமா, உண்கலமா என்பது பற்றி அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் இப்பொருள் குறித்து ஆராய்ந்து எழுதினார். அவ்வழக்கை இங்குத் தீர்க்கப் புகுதல் நம் வேலையன்று.

கடைத்தெரு தோன்றிய கதை தெளிவானது. தர்மராஜா என்று புகழ்பெற்ற கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் திருவிதாங்கூரை 1758 முதல் 1798 வரை ஆண்டார். அவருடைய அமைச்சர் இராஜா கேசவதாசர் விளவங்கோட்டுப் பகுதியில் குன்னத்தூரிற் பிறந்தவர். அவ்வூர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. இளமையில் வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதி, அரண்மனைச் சேவகத்திற் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, திருவிதாங்கூரில் திவான் என்னும் பட்டத்தை முதன்முதல் தாங்கியவர் அவர். ஆலப்புழையைத் துறைமுகமாக வளர்த்தவரும் அவரே. கடற்கரைக்கு ஒரு துறைமுகம் கண்ட கணக்கர், தலைநகருக்கு ஒரு கடைத்தெருவும் கண்டார். 1795-ல் பத்மநாபபுரத்திலிருந்து தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாற்றப்பட்டது. அரண்மனையும் கோயிலும் படையும் உத்தியோகஸ்தரும் ஓரிடத்திற் குவிந்தபோது, அத்தனை வாய்க்கும் அரிசி வேண்டுமல்லவா? திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமோ தெற்கே நாஞ்சில் நாடு. அங்கிருந்து வரும் பாரவண்டிகள் கரமனை ஆற்றையும் கிள்ளியாற்றையும் கடந்து கோட்டை வாயிலை நோக்கி வரும் வழியிலேயே கடைகள் அமைந்தன. வண்டிகளோடு வணிகரும் வந்தனர். செட்டிமாரும் வேளாளரும் தமிழ் முஸ்லிம்களும் பிறரும் கடைக்குப் பின்னே வீடு கட்டிக் குடியமர்ந்தனர். கருப்பட்டிக்கடை, சபாபதி கோயில் தெரு, கொத்துவால் தெரு என்னும் பெயர்களைக் கேட்கும்போது, திருநெல்வேலியில் நிற்கிறோமோ என்றே ஐயம் எழும்.

இவ்வணிகர்கள் வாளாவிருந்தவர் அல்லர் என்பதற்கும் அக்காலத்திலேயே சான்றுண்டு. 1799-ல் கேசவதாசர் மறைந்தபின் ஆட்சியைக் கைப்பற்றிய ஜயந்தன் நம்பூதிரியும் அவருடைய கூட்டாளிகளும் செல்வரிடத்தும் வணிகரிடத்தும் கட்டாயப் பணம் வசூலிக்கத் தொடங்கினர். தலக்குளத்து வேலுத்தம்பி மக்களைத் திரட்டிக்கொண்டு தெற்கிலிருந்து தலைநகருக்கு வந்தார். அமைச்சர்கள் பதவி இழந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடைக்கணக்கோடு வேறொரு கணக்கும் இந்நகரத்துத் தமிழர்க்கு முக்கியமாயிற்று. பிள்ளைகள் எம்மொழியிற் பயில்வது, மாலை நேரத்தில் எங்கே கூடுவது, திருமுறையை யார் சொல்லிக் கொடுப்பது என்பன அக்காலத்துக் கேள்விகள். 1885-ல் திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபை தோன்றியது. அதனை நிறுவுவதில் முன்னின்றவர் மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. கேசவதாசர் வளர்த்த ஆலப்புழையிலே 1855-ல் பிறந்து, திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியிலே தத்துவம் கற்பித்தவர் அவர். 1891-ல் அவர் வெளியிட்ட நாடகத்தின் வாழ்த்துப் பாடற்பகுதியைத் தமிழ்நாட்டரசு 1970-ல் தன் வாழ்த்தாக ஏற்றது. தமிழ்நாட்டின் பள்ளிகளில் நாள்தோறும் ஒலிக்கும் அப்பாடல், தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்த ஒருவர் எழுதியது என்பதை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

நகரத்திற்கு வேண்டிய வசதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1920-ல் நகராட்சி, 1931-ல் தம்பானூர் இரயில் நிலையம், 1933-ல் அருவிக்கரையிலிருந்து குழாய்நீர், 1940-ல் மாநகராட்சி. தம்பானூர் சாலைக்கு நடந்து செல்லும் தொலைவில்தான் உள்ளது. ஆதலின் இரயில் வந்தபின் கடைத்தெருவின் சரக்கும் பெருகியது, நெருக்கமும் பெருகியது.

இனி 1956-க்கு வருவோம். மொழிவழி மாநிலப் பிரிவினை வந்தது. திருவிதாங்கூர்த் தமிழர்கள் அதற்கெனப் போராடியிருந்தனர். 1954 ஆகஸ்டு 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர்களைப் பலிகொடுத்திருந்தனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நாகர்கோவிலில் அன்று மகிழ்ச்சி. சாலைத் தெருவிலோ நிலைமை வேறு. கடை இங்கே, பிறந்த ஊர், நிலம், குலதெய்வம், பெண் கொடுத்த வீடு யாவும் எல்லைக்கு அப்பால். ஒரு நாட்டின் குடிகளாக இருந்தவர்கள் ஒரே இரவில் ஒரு மாநிலத்தின் சிறுபான்மையினராயினர். எவரும் அவர்களைத் துரத்தவில்லை என்பது உண்மை; மலையாள அண்டை வீட்டாரோடு உறவும் கொடுக்கல் வாங்கலும் முன்போலவே தொடர்ந்தன என்பதும் உண்மை. ஆயினும், உணவுக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த 1960-களில், நாஞ்சில் நாட்டு அரிசி ஒன்றரை நூற்றாண்டாக வந்த வழியில் வருவதற்கு மாநில எல்லையில் அனுமதி வேண்டியதாயிற்று. எல்லைக் கோட்டின் பொருள் அப்போதுதான் அடுப்பங்கரை வரை எட்டியது.

அக்கோட்டைப் பொருட்படுத்தாமல் ஆண்டுதோறும் வந்து செல்வோர் மூவர். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டுச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருள்கின்றனர். தலைநகரம் மாறியபின் ஏற்பட்ட வழக்கம் இது. பத்மநாபபுரம் அரண்மனையில் மன்னரின் உடைவாள் கைமாறிக் கொடுக்கப்பட, சரஸ்வதி யானை மீதும் மற்ற இருவர் பல்லக்கிலுமாகப் புறப்பாடு தொடங்கும். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கி, மூன்றாம் நாள் தலைநகரை அடைவர். எல்லையான களியக்காவிளையில் தமிழ்நாட்டார் வழியனுப்பக் கேரளத்தார் வரவேற்பர். சரஸ்வதிக்கு இடம் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம். குமாரசுவாமிக்கு ஆரியசாலைக் கோயில். நங்கைக்குச் செந்திட்டைக் கோயில். ஆரியசாலை சாலைத் தெருவின் ஒரு பகுதியே. செந்திட்டை அதனை அடுத்தது. ஒன்பது நாளும் ஊர்க்காரரான முருகன் தம் தெருவில் விருந்தாளியாகத் தங்குகிறார் என்பது கடைக்காரர்க்குச் சிறிய செய்தியன்று. விஜயதசமியன்று அவர் பூஜப்புரைக்கு எழுந்தருளித் திரும்பியபின், வந்த வழியே மூவரும் ஊர் மீள்வர். இவ்விழா இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து நடத்துவது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தும் அதனைப் பேணுவது கேரளத்துத் தொல்லியல் துறையே என்பதும் இங்கு நினைத்தற்குரியது.

சாலைக்கு ஓர் எழுத்தாளரும் கிடைத்தார். 1934-ல் திருவனந்தபுரத்திற் பிறந்த ஆ. மாதவன் இத்தெருவிலே கடை வைத்திருந்தவர். பகலில் பாத்திரம் விற்றார்; கடையைத் தேடி வந்தோரையும், கடைவாசலைக் கடந்து சென்றோரையும் கதைகளாக்கினார். 1974-ல் அவருடைய 'கடைத்தெருக் கதைகள்' வெளிவந்தது. சுமை தூக்குவோர், சில்லறைத் திருடர், வேலையற்றுத் திரிவோர், உடலை விற்றுப் பிழைக்கும் பெண்கள் ஆகியோரே அக்கதைகளின் மாந்தர். முதலாளிமார் அவற்றில் அருகியே வருகின்றனர். 'புனலும் மணலும்' என்னும் நாவல் ஆற்று மணல் வாரும் தொழிலாளரைப் பற்றியது. மலையாளத்திலிருந்தும் நாவல்களைத் தமிழுக்குக் கொணர்ந்தார். 2015-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரை நூலுக்காக அவருக்கு அளிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் மறைந்தார். அவர் எழுதிய சுமைக்காரர்களின் கூலிக்கும் பாதுகாப்புக்கும் 1978-ல் கேரளம் தனிச் சட்டமே இயற்றியது என்பதைக் கடைத்தெருவின் வரலாற்றில் ஒதுக்க இயலாது.

நிற்க. பெருமை பேசிய அளவுக்குத் துன்பமும் பேச வேண்டும். மாட்டுவண்டிக்கென அமைந்த தெருவில் சரக்குந்துகள் நின்று பொருள் இறக்குகின்றன. வணிகர் பலர் வீட்டை நகரின் பிற பகுதிகளுக்கு மாற்றிக்கொள்ள, பழைய வீடுகள் கிடங்குகளாயின. இரவில் ஆளில்லாத கிடங்குகள் நெருங்கி நிற்கும் தெருவில் தீ என்பது தீராத அச்சம். எல்லாவற்றினும் பெரிது மழைநீர். பழைய ஓடைகளின் மேல் கட்டடங்கள் எழும்பியதால் சிறு மழைக்கும் தம்பானூரும் கிழக்குக் கோட்டையும் நீரில் மூழ்குவது வழக்கமாயிற்று. 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் அதிகாரத்தைக் கொண்டு மாவட்ட நிர்வாகம் ஆக்கிரமிப்புகளை அகற்றி ஓடைகளைத் திறந்தது. வெள்ளம் குறைந்தது, ஓடைகளிற் குப்பை குறைந்தபாடில்லை. 2024 ஜூலையில், இரயில் தண்டவாளங்களின் அடியிற் செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டைத் தூய்மை செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அந்த ஓடையில் வந்து சேர்ந்த குப்பை ஒரு கடையினுடையதோ ஒரு வீட்டினுடையதோ அன்று.

இத்தகைய காரியங்களிலே தமிழ்ச் சங்கங்களின் பங்கு யாது என்று கேட்பது என் கருத்தில் பொருத்தமே. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துவதில் நம்மவர்க்கு நிகர் நாமே. அவை வேண்டாதவையும் அல்ல. ஆனால் மழைநீர் புகும்போது அது தமிழன் கடை, மலையாளி கடை என்று பார்த்துப் புகுவதில்லை. கேரளத்தில் 1994-ல் இயற்றப்பட்ட நகராட்சிச் சட்டம், மாநகர வட்டாரக் குழுக்களில் குடியிருப்போர் சங்கங்களுக்கும் இடமளிக்கிறது. அங்கே சென்று அமர்ந்து, ஓடைக்கு மூடி வேண்டும், இரவில் மட்டும் சரக்கிறக்க ஒழுங்கு வேண்டும், தீயணைப்பு வண்டி நுழைய வழி வேண்டும் என்று கேட்பதற்கு விழா மேடை எதுவும் தேவையில்லை. மொழி தடையாகுமோ என அஞ்சவும் வேண்டியதில்லை. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடந்தருகிறது. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்னும் 350-ஏ பிரிவு, அதே 1956-ல் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்டது. உரிமை ஏட்டில் உள்ளது. எழுதுவோர் எத்தனை பேர்?

திருவனந்தபுரம் 2017-ல் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்திற்குத் தெரிவு செய்யப்பட்டபின், சாலையைப் பாரம்பரியத் தெருவாகப் புதுப்பிக்கும் முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. கேரளத்தின் சுற்றுலாத் துறையும் அதில் ஈடுபட்டது. நடைபாதையும் கூரையும் வளைவும் நல்லவையே. பார்க்க வருவோர்க்கு அழகிய தெருவும், வாங்க வருவோர்க்கு வசதியான தெருவும் ஒன்றாக இருத்தல் எளிதன்று. கேசவதாசர் அமைத்தது வாங்க வருவோர்க்காகவே. பித்தளைக் குத்துவிளக்கும், தோவாளைப் பூவும், கருப்பட்டியும் வாங்க வருவோர் நின்று பேரம் பேச இடமில்லையெனில் வளைவு யாருக்கு என்பதை, திட்ட வரைபடத்தோடு வரும் பொறியாளரிடம் கடைக்காரரும் குடியிருப்போரும் சேர்ந்து கேட்டாக வேண்டும். சாலையில் தமிழ்ப் பெயரோடு ஓர் அரசுப் பள்ளி இருக்கின்றது. அக்கேள்வியைத் தமிழில் எழுதத் தெரிந்தவர் இன்னும் ஒரு தலைமுறைக்கு இருப்பரா என்பது, வருகிற ஜூன் மாதத்தில் அப்பள்ளியின் முதல் வகுப்பிற் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது.