குடும்ப செபம் (விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரம்)

குடும்ப செபம் என்பது ஒரே வீட்டில் வாழும் கிறித்தவர்கள் நாள்தோறும், பெரும்பாலும் இரவு உணவுக்கு முன், ஒன்றாக அமர்ந்து இறைவனை வேண்டும் வழக்கம். பாடல், மறைநூல் வாசிப்பு, செபம் ஆகியவை இதன் பொதுவான உறுப்புகள். கத்தோலிக்க வீடுகளில் செபமாலை இதன் நடுவிடத்தைப் பெறுகிறது. தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் திருச்சபை வீடுகளில் குடும்ப ஜெபம் அல்லது குடும்ப ஆராதனை என்ற பெயரில் வேத வாசிப்பைச் சுற்றி இது அமைகிறது. பனமலை உள்ளிட்ட விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கிறித்தவம் பரவியதிலும், குருவும் போதகரும் அரிதாகவே வந்துபோன சிற்றூர்களில் அது நிலைத்ததிலும் இந்த வீட்டு வழக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இடமும் மக்களும்

பனமலை, விழுப்புரத்துக்கு வடமேற்கே உள்ள சிற்றூர். ராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்றின்மேல் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலாலும் அங்குள்ள பல்லவர் ஓவியத்தாலும் அறியப்படுவது. இவ்வூரும் சுற்றுப்புறமும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1993-இல் அதிலிருந்து விழுப்புரம் மாவட்டமும், 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டமும் பிரிக்கப்பட்டன.

இவ்வட்டாரத்தில் கிறித்தவர்கள் சிறுபான்மையினர். முகையூர், எறையூர் போன்ற சில ஊர்களில் அவர்கள் திரளாக வாழ்கிறார்கள். மற்ற இடங்களில் ஒரு தெருவிலோ சில வீடுகளிலோ அடங்கிவிடுகிறார்கள். கத்தோலிக்கர்கள் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்டவர்கள். ஆற்காடு லுத்தரன் திருச்சபை, தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே சபைகள் ஆகியவற்றைச் சேர்ந்த குடும்பங்களும் உண்டு. பல பங்குகளில் தலைமைக் கோயில் ஓர் ஊரிலும் கிளைக் கிராமங்கள் பல மைல் தள்ளியும் இருப்பதால், கிளைக் கிராமங்களுக்கு வாரந்தோறும் திருப்பலி கிடைப்பதில்லை. அங்கெல்லாம் அன்றாட வழிபாடு வீட்டிலேயே நடக்க வேண்டியதாயிற்று.

மறைநூல் அடிப்படை

கடவுளின் கட்டளைகளை வீட்டில் இருக்கும்போதும் வழிநடக்கும்போதும் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்ற கருத்து இணைச்சட்ட நூலின் 6ஆம் அதிகாரத்தில் வருகிறது. வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இந்நூல் உபாகமம் எனப்படும். புதிய ஏற்பாட்டில் தீமோத்தேயுவின் விசுவாசம் அவருடைய பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்ததாகப் பவுல் எழுதுகிறார். பிலிப்பி நகரில் லீதியாளும் சிறைக்காவலனும் தத்தம் வீட்டாரோடு திருமுழுக்குப் பெற்றதை திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. தொடக்க காலக் கிறித்தவர்களுக்குத் தனிக் கோயில்கள் இல்லை. அவர்கள் வீடுகளிலேயே கூடினார்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் 11ஆம் எண், குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று குறிக்கிறது. இரண்டாம் யோவான் பவுல் 1981-இலும் பிரான்சிஸ் 2016-இலும் வெளியிட்ட குடும்பம் பற்றிய ஏடுகள் இதை விரித்துரைத்தன. சீர்திருத்த மரபில் மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிப்பதற்கென்றே எளிய வினாவிடையாக அமைக்கப்பட்டது. காலை மாலை செபங்களும் உணவுக்கு முந்திய செபமும் அதில் உள்ளன.

வரலாறு

தமிழ் எழுத்துகளில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூலே வீட்டிலும் கோயிலிலும் சொல்வதற்குரிய செபங்களையும் மறைக்கல்வியையும் கொண்டது. அது 1578-இல் கொல்லத்தில் அன்றிக்கே அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு, லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். எழுத்தறியாதோர் மிகுந்திருந்த காலத்தில் இவற்றின் பயன் வாசிப்பில் தங்கியிருக்கவில்லை. ஊரில் மறைக்கல்வி புகட்டும் உபதேசியார் சொல்லிக்கொடுக்க, வீட்டார் மனப்பாடம் செய்து பிள்ளைகளுக்குக் கடத்தினார்கள். 1710-இல் இந்தியா வந்த வீரமாமுனிவர், உபதேசியார்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலை எழுதினார். விருத்தாசலம் அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயிலை எழுப்பியவரும் அவரே. 1726-இல் அவர் இயற்றிய ‘தேம்பாவணி’ 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவர் திருக்குடும்பத்தின் தலைவரான சூசையப்பர். நூலில் அவர் பெயர் வளன்.

வீரமாமுனிவர் சார்ந்திருந்த இயேசு சபை 1773-இல் கலைக்கப்பட்ட பின், 1776 முதல் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையினர் இப்பகுதியைப் பொறுப்பேற்றனர். 1876–78 தாதுவருடப் பஞ்சத்தையொட்டி ஆற்காட்டு மாவட்டங்களில் ஏராளமான ஏழைக் குடும்பங்கள் கத்தோலிக்கத்திலும் சீர்திருத்தச் சபைகளிலும் சேர்ந்தன. தனியாள் தனியாளாக அல்லாமல் குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் தெருவே ஒன்றாக மதம் மாறியது. இவ்வளவு பேருக்கும் போதிய குருக்களோ போதகர்களோ இல்லை. உபதேசியாரும் வீட்டின் மூத்த பெண்களுமே அன்றாடப் பயிற்சியைத் தாங்கினார்கள்.

சீர்திருத்தச் சபைகளில் ஒன்றான ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் சாதிச் சிக்கலில் இருக்கிறது. லைப்சிக் லுத்தரன் மிஷனைச் சேர்ந்த மறைப்பணியாளர் கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதி வேறுபாட்டுக்கு இடங்கொடுப்பதை ஏற்காமல் விலகி, கடலூருக்கு மேற்கே மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் சங்கம் அப்பணியை ஏற்றது. பின்னாளில் அது திருக்கோவிலூர், விழுப்புரம் பகுதிகளுக்குப் பரவி, ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. கடலூர் அதன் தலைமையிடம்.

திண்டிவனமும் ஸ்கடர் குடும்பமும்

வீட்டில் ஊட்டிய விசுவாசம் தலைமுறைகளைக் கடந்ததற்கு இவ்வட்டாரத்தின் பெயர்பெற்ற சான்று ஸ்கடர் குடும்பம். அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்கடர், மனைவி ஹாரியட்டோடு 1819-இல் யாழ்ப்பாணம் சென்று பண்டத்தரிப்பில் மருத்துவப்பணி செய்தார். அவர்களுடைய மகன்களில் ஏழு பேர் இந்தியாவில் மறைப்பணியாளர் ஆயினர். அவர்களில் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகிய மூவர் 1853-இல் அமெரிக்க ஆற்காடு மிஷனை நிறுவினர். இந்த மிஷனின் சபைகள் 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. நான்கு தலைமுறைகளில் இக்குடும்பத்தைச் சேர்ந்த 42 பேர் பணியாற்றியதாகக் கணக்கிடப்படுகிறது.

கடைசி மகனான இளைய ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் பணியாற்றினார். அவர் மகள் ஐடா, 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் படித்தவர். நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்த அவருக்கு மறைப்பணியில் தங்கும் எண்ணம் இல்லை. ஓர் இரவில் பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்கு உதவி கேட்டு மூவர் அடுத்தடுத்து வந்தனர். ஆண் மருத்துவரான ஐடாவின் தந்தையை உள்ளே விட அவர்களின் வழக்கம் இடந்தரவில்லை. ஐடாவோ அப்போது மருத்துவர் அல்லர். மூன்று பெண்களும் இறந்தனர். இதன் பிறகே ஐடா மருத்துவம் படிக்க முடிவு செய்தார். 1900-இல் வேலூரில் பணியைத் தொடங்கி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். இன்றைய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. வீட்டுச் செபத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் அழைப்பு தானாக வருவதில்லை, பிறர் துயரைக் கண்ட பின்னரே வருகிறது என்பதற்கு மறைக்கல்வி வகுப்புகளில் இந்நிகழ்வு எடுத்துக்காட்டப்படுவதுண்டு.

கத்தோலிக்க வீடுகளில்

வீட்டுப் பீடத்தில் இயேசுவின் திருஇருதயப் படமோ மாதா சொரூபமோ சிலுவையோ இருக்கும். திருஇருதயப் படத்தைக் குடும்பத்தின் அரசராக நிறுவும் சடங்கை 1907-இல் மத்தேயோ கிராலி என்ற குரு பரப்பத் தொடங்கினார். தமிழகத்திலும் அது வேரூன்றியது. மாலையில் மெழுகுதிரி ஏற்றி, சிலுவை அடையாளத்தோடு தொடங்கி, விசுவாசப் பிரமாணமும் 53 மணிச் செபமும் சொல்வார்கள். ஒருவர் முற்பகுதியைச் சொல்ல, மற்றவர்கள் பிற்பகுதியைச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பத்து மணி பிரித்துக்கொடுப்பது வழக்கம். செபத்தைக் கேட்டுக்கொண்டு மட்டும் இராமல் முன்னின்று சொல்லப் பிள்ளை பழகுவது இப்படித்தான்.

திங்கள், சனி மகிழ்ச்சி மறைபொருள். செவ்வாய், வெள்ளி துயர மறைபொருள். புதன், ஞாயிறு மகிமை மறைபொருள். 2002-இல் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த ஒளியின் மறைபொருள் வியாழனுக்கு உரியது. முடிவில் மாதா பிரார்த்தனை, இறந்தோருக்கான செபம், அன்றன்றைய கருத்துகள் வரும். மழை, பிள்ளைகளின் தேர்வு, வெளியூரில் வேலை செய்வோர், நோயாளிகள் என ஊர்ச் செய்தி முழுவதும் இக்கருத்துகளில் இடம்பெறும். செபம் முடிந்ததும் பிள்ளைகள் கைகூப்பிப் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்ல, அவர்கள் நெற்றியில் சிலுவை வரைவார்கள்.

மார்ச் சூசையப்பருக்கும், மே மாதாவுக்கும், ஜூன் திருஇருதயத்துக்கும், அக்டோபர் செபமாலைக்கும், நவம்பர் இறந்த ஆன்மாக்களுக்கும் உரிய மாதங்கள். அக்டோபர் 7 செபமாலை அன்னை திருநாள். எறையூர்க் கோயில் இந்த அன்னையின் பெயரில் அமைந்தது. கிறிஸ்துமஸ் எண்கிழமை ஞாயிறு திருக்குடும்பத் திருநாள். 1921 முதல் இத்திருநாள் உலகத் திருச்சபை முழுவதும் கொண்டாடப்படுகிறது. அண்டை வீட்டார் சேர்ந்து செபிக்கும் அன்பியம், குடும்ப செபத்தின் அடுத்த வளையமாகச் செயல்படுகிறது. அக்டோபரில் மாதா சொரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குச் செல்லும்.

சீர்திருத்தத் திருச்சபை வீடுகளில்

பாமாலையிலிருந்தோ கீர்த்தனைகளிலிருந்தோ ஒரு பாட்டுடன் ஆராதனை தொடங்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் கருநாடக இசை மெட்டுகளில் இயற்றிய கீர்த்தனைகள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் மறையறிவைக் கொண்டு சேர்த்தன. அடுத்து வேதாகமத்தின் ஓர் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாக வாசிப்பார்கள். இவ்வீடுகளில் புழங்குவது பெரும்பாலும் பவர் ஐயரின் குழு 19ஆம் நூற்றாண்டில் முடித்த மொழிபெயர்ப்பு. பின்னர் ஒவ்வொருவரும் சொந்த வார்த்தைகளில் ஜெபித்து, கர்த்தர் கற்பித்த ஜெபத்தோடு முடிப்பார்கள்.

பிள்ளைகள் மனப்பாட வசனம் ஒப்பிப்பதும், ஓய்வுநாள் பள்ளிப் பாடத்தை வீட்டில் மீண்டும் சொல்வதும் இதன் பகுதிகள். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த வசன அட்டையைச் சுவரில் மாட்டி ஆண்டு முழுவதும் அதைச் சொல்லி ஜெபிப்பார்கள். பிறந்தநாள், புதுமனை புகுதல், தூரப் பயணம் ஆகியவற்றுக்குப் போதகரையும் உறவினரையும் அழைத்து ஸ்தோத்திர ஜெபம் நடத்துவதும் உண்டு.

வரம்புகளும் சிக்கல்களும்

வீட்டுச் செபம் குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறது. தெருக்களைச் சேர்த்து வைக்க அது போதவில்லை. எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் மோதல் மூண்டு, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். மோதியவர்கள் இரு பக்கத்திலும் ஒரே செபங்களைச் சொல்லி வளர்ந்தவர்கள். ஊரும் காலனியும் பிரிந்திருக்கும் இடங்களில் அண்டை வீடுகளைக் கொண்டு அமையும் அன்பியமும் அந்தப் பிரிவுக்குள்ளேயே அடங்கும் வாய்ப்பு மிகுதி. தலித் கிறித்தவச் சிந்தனையாளர்கள் இக்குறையைத் தொடர்ந்து சுட்டிவருகின்றனர்.

1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி கிறித்தவராகும் பட்டியலினத்தார் அந்தத் தகுதியை இழக்கிறார்கள். பின்னர் சீக்கியருக்கும் (1956) பௌத்தருக்கும் (1990) ஆணை திருத்தப்பட்டது, கிறித்தவருக்கு இல்லை. இதனால் சான்றிதழில் இந்துவாகவும் வீட்டு வழிபாட்டில் கிறித்தவராகவும் வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு விசுவாசத்தின் முதன்மையான இடம் வீடுதான். ஒரே குடும்பத்தில் இந்து உறவினரும் கிறித்தவ உறவினரும் கலந்திருப்பதும் சாதாரணம். அவ்வீடுகளில் செப நேரம் யாரையும் கட்டாயப்படுத்தாமல் நடப்பதே உறவைக் காக்கிறது.

இன்றைய நிலை

பிள்ளைகளின் தனிப்பயிற்சி வகுப்பு, தொலைக்காட்சித் தொடர், கைபேசி, சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போதல் ஆகியவை மாலைச் செபத்தின் நேரத்தைக் குறுக்கிவிட்டன. செபமாலை முழுவதும் சொல்லிவந்த வீடுகளில் ஒரு பத்து மணியோடு நிறுத்துவதும், ஞாயிறு மட்டும் கூடுவதும் காணப்படுகின்றன. வெளியூரில் உள்ள பிள்ளைகளைக் காணொளி அழைப்பில் சேர்த்துக்கொண்டு செபிக்கும் வீடுகளும் உண்டு.

2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கால் கோயில்கள் மூடப்பட்டபோது, அவ்வாண்டின் புனித வாரமும் ஏப்ரல் 12-இல் வந்த உயிர்ப்பு ஞாயிறும் முழுக்க வீடுகளுக்குள் நடந்தன. திருப்பலியையும் ஆராதனையையும் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பார்த்தார்கள். சிலுவைப்பாதையைக் கூடத்திலேயே நடத்தினார்கள். செபம் சொல்லிப் பழகிய வீடுகளுக்கு அது புதிதாக இல்லை. பழகாத வீடுகள் திரையைப் பார்ப்பதோடு நின்றன.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, பிள்ளைகளின் கிறித்தவ வளர்ப்பைப் பெற்றோரின் முதற்கடமையாக வைக்கிறது. புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் மறைக்கல்வி வகுப்பு ஆயத்தப்படுத்தலாம். ஆனால் கிளைக் கிராமங்களில் நாள்தோறும் செபிக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்குத் தரும் இடமாக இன்றும் இருப்பது வீடே.