கண்டியைத் தேர்ந்தெடுத்தவர்களும் தேர்ந்தெடுக்க இயலாதவர்களும்

இலங்கைக்குத் திரும்பிக் குடியேறுவதென்றால் எந்த நகரம் வசதியானது என்று புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் அவ்வப்போது என்னிடம் வினவுவதுண்டு. பெரும்பாலானோர் ஓய்வுபெறும் வயதை எட்டியவர்கள். கொழும்பின் நெரிசல் வேண்டாம், யாழ்ப்பாணத்து வெயிலும் உடலுக்கு ஒவ்வாது, ஆகவே கண்டி எப்படி என்பதே அவர்களது வினா. வைத்தியசாலை அண்மையில் உண்டா, சந்தைக்கு நடந்து சென்று வரலாமா, கோயில் உண்டா, அலுவலகங்களில் தமிழில் பேசிக் காரியம் ஆற்றலாமா என்று அந்த ஒரு வினாவுக்குள் பல வினாக்கள் அடங்கியிருக்கின்றன.

பேராதனையில் கலைப் பட்டம் பெற்றவன் என்ற முறையிலும், செய்தித்தாள் பணியின் பொருட்டு மலையகத்தில் பலகாலம் அலைந்தவன் என்ற முறையிலும் இதற்கு ஒரு வரியில் விடை சொல்ல எனக்கு இயலவில்லை. ஏனெனில் கண்டியின் வரலாறே ஒரு வகையில் இந்த வினாவின் வரலாறுதான். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக யார் யாரோ இந்நகரைத் தேடி வந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வசதி என்ற சொல்லின் பொருள் வெவ்வேறாக இருந்தது.

மன்னர்களுக்கு எட்டாமையே வசதி. 1592 இல் ஆட்சிக்கு வந்த முதலாம் விமலதர்மசூரியன் செங்கடகல எனப்பட்ட இந்நகரைத் தனது தலைநகராக நிலைநிறுத்தினான். மூன்று புறமும் மகாவலி கங்கை வளைந்தோட, சுற்றிலும் காடும் கணவாயுமாக இருந்த இடம் அது. போர்த்துக்கேயர் 1594 இல் தந்துறையிலும் 1638 இல் கன்னொறுவையிலும் பேரழிவைச் சந்தித்தனர். 1765 இல் ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றியும் அதனைத் தக்கவைத்துக்கொள்ள இயலவில்லை. 1803 இல் நுழைந்த பிரித்தானியப் படையும் அழிந்துபோயிற்று. பாதை இல்லாததுதான் கண்டியின் கோட்டை.

1739 முதல் 1815 வரை இந்நகரை ஆண்டவர்கள் தென்னிந்திய வழிவந்த நாயக்க மன்னர்கள் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். இன்று மாலையில் முதியவர்கள் காற்று வாங்க நடக்கும் கண்டி வாவி, அவர்களுள் இறுதியானவனான ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வயல்நிலத்தில் அமைத்தது. அதற்காக மக்களிடம் பெறப்பட்ட கட்டாய உழைப்பு அவன்மீதிருந்த வெறுப்பை மேலும் வளர்த்தது. 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832 இல் அங்கேயே மாண்டான். இந்நகரை விட்டுக் கட்டாயமாகக் குடிபெயர்க்கப்பட்டவர்களில் அவனையும் ஒருவனாகக் கொள்ளலாம்.

பிரித்தானியருக்கோ எட்டுவதே வசதி. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820 களில் கொழும்பிலிருந்து கண்டிக்கு நெடுஞ்சாலை அமைத்தார். அப்பணியில் ஈடுபட்ட கப்டன் டோசனின் நினைவுக் கோபுரத்தைக் கடுகண்ணாவையில் இன்றும் காணலாம். படை நகர்த்தத் திறந்த பாதையில் கோப்பி இறங்கியது. 1867 இல் புகையிரதம் கண்டியை வந்தடைந்தது. அதே ஆண்டில்தான் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். குளிர்ந்த காலநிலை, புகையிரதம், பாடசாலைகள், வங்கிகள், கடைவீதி என்று நகரவாசி ஒருவர் எதிர்பார்க்கும் வசதிகள் யாவும் கோப்பியினதும் தேயிலையினதும் பின்னால் வந்தவையே.

இருபதாம் நூற்றாண்டில் இரு பெரும் நிறுவனங்கள் கண்டிக்கு இடம்பெயர்ந்தன. முதலாவது போர்க்கால ஏற்பாடு. தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் பிரபு 1944 ஏப்ரலில் டெல்லியிலிருந்து கண்டிக்கு மாற்றி, பேராதனைத் தாவரவியல் பூங்காவில் அமைத்தார். போர் முடிந்ததும் அது சிங்கப்பூருக்குச் சென்றுவிட்டது.

இரண்டாவது நிலைத்து நின்றது. இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் எங்கு அமைய வேண்டும் என்பது 1920 களிலிருந்து ஆண்டுக்கணக்கில் நடந்த விவாதம். கொழும்பே தகுந்தது என்றவர்கள் வைத்தியசாலையும் நூலகங்களும் அங்குதான் உள்ளன என்றும், மாணவர் வீட்டிலிருந்தே வந்து படிக்கலாம் என்றும் வாதிட்டனர். தலைநகரின் ஆரவாரத்திலிருந்து விலகி ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக வாழும் கல்விக்கூடம் வேண்டும் என்றவர்கள் கண்டியை முன்மொழிந்தனர். பத்திரிகை அதிபர் டி.ஆர்.விஜேவர்தன அவர்களுள் முக்கியமானவர். முதலில் தும்பறைப் பள்ளத்தாக்கு பேசப்பட்டு, பின்னர் 1938 இல் பேராதனை தீர்மானமாயிற்று. 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதி, உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் காலத்தில், 1952 இல் பேராதனைக்கு வந்து சேர்ந்தது.

இரு தரப்பினரும் ஓரளவு சரியாகவே கணித்திருந்தனர் என்பதே எனது எண்ணம். மருத்துவபீடம் உடனே மலையேறவில்லை. பேராதனைக்கென ஒரு மருத்துவபீடம் 1962 இல்தான் உருவாயிற்று. மறுபுறம், விடுதி வாழ்க்கை தந்த நெருக்கத்தில் தமிழியல் தழைத்தது. பேராசிரியர் கணபதிப்பிள்ளையின் தமிழ்த்துறை, பேராசிரியர் வித்தியானந்தன் மேடையேற்றிய கூத்துக்கள், அங்கு பயின்று வெளிவந்த கைலாசபதியும் சிவத்தம்பியும் என ஈழத்துத் தமிழ்ச் சிந்தனையின் ஒரு காலகட்டமே அந்த வளாகத்தில் உருவாயிற்று. யாழ்ப்பாணத்தவரும் மட்டக்களப்பினரும் மலையகத்தவரும் ஒரே விடுதியில் உண்டு உறங்கியமைக்கு அதில் பெரும் பங்குண்டு.

இதுவரை சொன்னவர்கள் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பெற்றிருந்தவர்கள். அந்த அதிகாரம் இல்லாதவர்களின் வரலாறு வேறு.

தமிழகத்தின் தென்மாவட்டங்களில் இலங்கை மலைநாடு முழுவதையும் கண்டிச்சீமை என்றே அழைத்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, காலராவுக்கும் பசிக்கும் உறவினரைப் பறிகொடுத்து, மாத்தளையை அடைந்து, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்து சென்ற கூலித் தொழிலாளருக்குக் கண்டி என்பது பெயரளவில்தான் ஊர். அவர்கள் வாழ்ந்தது லயங்களில். நகரத்தின் வைத்தியசாலையும் கடைவீதியும் சில மைல் தொலைவில் இருந்தன. ஆனால் துரையின் அனுமதி, ஒருநாள் சம்பளம், கரடுமுரடான பாதை ஆகிய மூன்றையும் தாண்டித்தான் அங்கு செல்ல வேண்டும். வசதி அண்மையில் இருப்பது வேறு, எட்டுவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974 இல் முடிவாயிற்று. எங்கே வாழ விருப்பம் என்று அந்த மக்களிடம் எவரும் முதலில் கேட்கவில்லை. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் அவர்களது பத்திரங்களைக் கவனித்தது. புகையிரதத்தில் தலைமன்னாருக்கும், கப்பலில் இராமேஸ்வரத்துக்கும், அங்கிருந்து மண்டபம் முகாமுக்கும் சென்றனர். நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள், நூற்பாலைகள், சிறுவணிகக் கடன் என எந்தத் திட்டத்தில் பெயர் விழுந்ததோ அதுவே அவர்களது ஊராயிற்று. அங்கே அவர்களைக் கண்டிக்காரர் என்றனர்.

இங்கே எஞ்சியவர்களுள் பலர் 1970 களின் பஞ்சத்தினாலும் 1977 ஆம் ஆண்டு வன்செயலினாலும் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தனர். நீர், பாதை, வைத்தியசாலை எதுவும் சரிவர இல்லாத காட்டோரங்களை அவர்கள் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் ஒன்றே: இரவில் அச்சமின்றி உறங்க வேண்டும். 1983 ஜூலையில் கண்டி நகரத் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் முறை வந்தது. ஒரு நகரின் வசதிகளைப் பட்டியலிடுவோர் இந்த ஆண்டுகளைத் தவிர்த்துவிடுவது நேர்மையாகாது. நாடற்றோரில் எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமை 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் தீர்வுக்கு வந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

இனி, வாசகர்களின் வினாவுக்கு வருவோம். கண்டி வாழத் தகுந்த நகரம் என்றே சொல்வேன். தேசிய வைத்தியசாலையும், புகையிரத நிலையமும், மத்திய சந்தையும் ஒன்றுக்கொன்று அதிக தொலைவில் இல்லை. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலும் பேராதனைக் குறிஞ்சிக்குமரனும் உண்டு. கடைவீதியில் தமிழ் தாராளமாகச் செல்லுபடியாகும்; அலுவலகங்களில் சிங்களம் தெரிந்த ஒருவர் உடனிருப்பது நல்லது. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற நிலவமைப்பில் வாகனப் புகை எளிதில் கலைவதில்லை என்பதை ஆஸ்துமா உள்ளவர்கள் கருத வேண்டும். வீடு பார்க்கும்போது சன்னல் வழியே தெரியும் காட்சியைப் பாராது, வாசலிலிருந்து பிரதான வீதிக்கு எத்தனை படிகள் என்று எண்ணிப் பாருங்கள். எழுபது வயதில் அந்த எண்ணிக்கைதான் பேசும். சரிவில் கட்டிய வீடாயின் மண்சரிவு அபாயம் குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தை அறியாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் கொடுத்த விலை அனைவரும் அறிந்ததே.

அனைத்தையும் விசாரித்து, நிறுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் வேறு ஊருக்குப் போகலாம் என்ற நிலையில் இருப்பதே மிகப் பெரிய வசதி. கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு அது கிட்டவில்லை. அவர்களது வழித்தோன்றல்களில் பலர் சொந்தக் காணியும் முகவரியும் இன்றி இன்றும் லயங்களில் வாழ்கின்றனர். கண்டியில் வீடு தேடி வருவோர், நகரத்துக்கு வெளியே பஸ்ஸில் ஒரு மணிநேரம் பயணித்து அந்த லயங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தமது முடிவை எடுப்பது நன்று.