ப்ளஸ் ஒன் மார்க்கை யாரு கேட்டாங்க?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி ஷிஃப்ட்டுக்குப் போற அப்பா அம்மாக்கள் ஓ.பி.யில மாத்திரைச் சீட்டை வாங்கிட்டு தயங்கித் தயங்கிக் கேட்பாங்க. "டாக்டர், பையன் ப்ளஸ் ஒன்ல மார்க் ரொம்பக் குறைஞ்சிட்டான். காலேஜ் கிடைக்குமா?"

கிடைக்கும். அரசு கவுன்சிலிங்ல ப்ளஸ் ஒன் மார்க்கை எடுக்கறதே இல்ல. ஏன் அப்படின்னு கொஞ்சம் பழைய கதை பேசுவோம்.

அமெரிக்காவுல ஒன்பதாவதுலேர்ந்து வர்ற மார்க் எல்லாத்தையும் கல்லூரி பார்க்கும். முதல்ல சறுக்கி அப்புறம் ஏறி வந்த பிள்ளையா, மேலேர்ந்து இறங்கின பிள்ளையான்னும் கவனிக்கும். நம்ம ஊர்ல 1978-ல பி.யூ.சி. போய் ப்ளஸ் டூ வந்ததுலேர்ந்து கடைசி ஒரு தேர்வுதான் கணக்கு. 1984-ல நுழைவுத் தேர்வு கூடச் சேர்ந்துச்சு. 2007 சேர்க்கையிலேர்ந்து அதுவும் போயிடுச்சு. என் வயசு டாக்டர்கள்ல பெரும்பாலானவங்க ப்ளஸ் டூ கட்-ஆஃப் 200-ஐ மட்டும் வச்சு உள்ள வந்தவங்க. உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அவ்வளவுதான்.

இதோட விளைவு என்ன தெரியுமா? பல பள்ளிகள்ல ப்ளஸ் ஒன் பாடமே காணாமப் போச்சு. ரெண்டு வருஷமும் ப்ளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வச்சாங்க. மார்க் வந்துச்சு. ஆனா 2017-ல நீட் வந்தப்போ அதுல கிட்டத்தட்ட பாதி ப்ளஸ் ஒன் பாடம்! கோச்சிங்குக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளைங்கதான் முதல்ல அடி வாங்கினாங்க.

அந்த வருஷம் மே மாசமே அரசாணை வந்துச்சு: ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு, ரெண்டு வருஷத்துக்கும் தலா 600 மார்க், சேர்த்து 1200. மார்ச் 2018-ல முதல் தேர்வு நடந்துச்சு. ஆறே மாசத்துல, செப்டம்பர்ல, உயர்கல்விக்கு ப்ளஸ் டூ மார்க் மட்டும் போதும்னு அரசு சொல்லிடுச்சு. மாணவர்களுக்கு அழுத்தம்னு காரணம். அழுத்தம் உண்மைதான். ஆனா மார்க் கணக்குல இல்லாத தேர்வை எவன் சீரியஸா படிப்பான்?

பழைய மார்க் நிஜமாவே கணக்குக்கு வந்தது ஒரே ஒரு தடவை, 2021 கொரோனா வருஷம். ப்ளஸ் டூ தேர்வு ரத்து. பத்தாவதுல அதிக மார்க் எடுத்த மூணு பாடத்தோட சராசரிக்கு 50 சதவீதம், ப்ளஸ் ஒன்னுக்கு 20, ப்ளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30. யோசிச்சுப் பாருங்க: பத்தாவதுல சறுக்கி, ப்ளஸ் டூவுல எழுந்துக்கலாம்னு ராத்திரி பகலா படிச்ச பிள்ளையோட பாதி மார்க் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே முடிவாயிடுச்சு. திருப்தி இல்லாதவங்க அப்புறம் தேர்வு எழுதலாம்னு ஒரு வழி வச்சாங்க, அது வரைக்கும் ஆறுதல்.

ஆகஸ்ட் 2025-ல மாநிலக் கல்விக் கொள்கை வந்து, ப்ளஸ் ஒன் பொதுத் தேர்வையே எடுத்துட்டாங்க.

அதனால அந்தப் பையனை மார்க்குக்காகத் திட்டாதீங்க. ப்ளஸ் ஒன் இயற்பியல், வேதியியல், உயிரியல் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடாதீங்க. நீட்டுக்கு மூணும் வேணும், ஜே.இ.இ.க்கு இயற்பியலும் வேதியியலும் வேணும். ப்ளஸ் டூவுலயும் சறுக்கினா, பாலிடெக்னிக்ல நேரடியா ரெண்டாம் வருஷம் சேரலாம். அதுல நல்லா எடுத்தா பி.இ. ரெண்டாம் வருஷத்துக்குப் போகலாம், அங்க டிப்ளமோ மார்க்தான் பேசும்.