மின்சாரம் விட்டுப்போன பத்திரம்

உத்தமபாளையத்தில் பத்திரம் எழுதியே பிழைத்தவன் நான். கிரயப் பத்திரத்தில் நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று புதையல் முதல் கல் வரை அடுக்குவோம். "எதுக்குண்ணே இம்புட்டு?" என்று சலித்துக்கொள்வார்கள். எழுதாமல் விட்டதைப் பிடித்துக்கொண்டுதானே பங்காளி கோர்ட்டுக்குப் போகிறான்!

எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் பத்திரமே அப்படி மாட்டிக்கொண்டதுதான். 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூரும் வெள்ளைக்கார அரசாங்கமும் எழுதிக்கொண்ட பெரியாற்றுக் குத்தகை அது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷம். மீன் பிடிக்கும் உரிமையைக்கூட மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள். மின்சாரம் இல்லை. அன்றைக்கு யாருக்கு அந்த யோசனை வந்திருக்கும்?

பிற்பாடு சென்னை அரசுக்கு அந்த யோசனை வந்தது. திருவிதாங்கூர் பத்திரத்தை விரித்தது: தண்ணீர் கொடுத்தது பாசனத்துக்கு, மின்சாரத்துக்கு அல்ல. மலையிலிருந்து விழுகிற தண்ணீர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதே வயலுக்குத்தான் வரப்போகிறது. ஒரு சொட்டும் குறையாது. ஆனாலும் வழக்கு நடந்தது. இரு தரப்பு மத்தியஸ்தர்களும் ஒத்துப்போகாததால் நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜியிடம் போய், 1941-இல் திருவிதாங்கூருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. எங்கள் ஊரில் இதை விதண்டாவாதம் என்பார்கள். என் தொழில் கண்ணுக்கு அது சரியான தீர்ப்பு. எழுதாதது எழுதாததுதான்.

அப்படியும், அந்தத் தண்ணீரில் சுற்றும் லோயர் கேம்ப் மின்நிலையம் 1958-இல் ஓடத் தொடங்கியது. ஆனால் அதற்கான ஒப்பந்தம் 1970-இல்தான் கையெழுத்தானது, அதுவும் 1954-லிருந்து செல்லும் என்று. நான் அப்படி ஒரு பத்திரம் கொண்டுபோயிருந்தால் சார்பதிவாளர் முகத்தில் எறிந்திருப்பார். ஏக்கர் வாடகை 30 ரூபாயானது, மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் வந்தது, மீன் உரிமை கேரளத்துக்குத் திரும்பியது.

2006-இல் நடந்தது வேறு ரகம். அந்தக் குத்தகை நிலத்தில் நிற்கும் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று பிப்ரவரி 27-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கேரளம் சட்டத்தைத் திருத்தி, அணைக்கு 136 அடிதான் என்று அட்டவணையில் எழுதிக்கொண்டது. அணை பழசு, பயமாக இருக்கிறது என்பது அவர்கள் நியாயம். அதைக் கோர்ட்டில் சொல்லலாம், சொல்லவும் செய்தார்கள். இருக்கிற பத்திரத்தைப் படித்து வாதாடுவது வக்கீல் சாமர்த்தியம். தோற்ற பிறகு தீர்ப்பையே செல்லாக்காசாக்கச் சட்டம் எழுதுவது தில்லுமுல்லு. 2014 மே 7-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத் திருத்தம் செல்லாது என்றது. அந்த நவம்பரில் தண்ணீர் 142 அடியைத் தொட்டது.

குத்தகை 2885 வரை ஓடும். அதற்கப்புறம் இன்னொரு 999 வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளவும் ஷரத்து இருக்கிறது. அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதியிருக்கிறார்கள்.